மஞ்சள் கோடு

அந்தச் சிவப்பு வண்டியைச் செய்தது யார் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் பெயிண்டரைத்தான் கை காட்டுவார்கள். பெயிண்டரும் மறுக்க மாட்டார். மறுப்பதாவது, கேட்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுவார். ஆறு வருஷம், ஒற்றை ஆள், சோறு தண்ணி பார்க்காத உழைப்பு என்று அவர் அடுக்க அடுக்க, எதிரில் நிற்பவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். அதே நேரத்தில் அவர் மனைவி நாலடி தள்ளி எண்ணெய்க் கையோடு எதையாவது கழற்றிக்கொண்டோ மாட்டிக்கொண்டோ இருப்பாள். அவளை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் டீ கேட்பார்கள்.

அவள் பஸ் டிப்போவில் பன்னிரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்தவள். அங்கே ஒட்டிக்கொண்ட பெயர்தான் ஃபிட்டரம்மா. டிப்போவை மூடியபோது மற்றவர்களெல்லாம் மூலைக்கொருவராகப் போக, இவள் தன் டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் பாதி பெயிண்டர் ஸ்பிரே அடிக்க, மீதிப் பாதி இவளுக்கு. நடுவே ஒரு பிளாஸ்டிக் திரை. தூசி அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது பெயிண்டரின் சட்டம். திரையை அவர் விலக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வருவது அபூர்வம், அதைச் சொல்லியாக வேண்டும்.

வண்டி ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம். கூரை கிடையாது, மூக்கு மட்டும் நீளம். மூடிப்போன ஒரு குடோனில் கோணிச் சாக்குகளுக்கு அடியில் கிடந்தது. பெயிண்டர் அதன் மட்கார்டு வளைவைத் தடவிப் பார்த்துச் சொக்கிப்போனார். ஃபிட்டரம்மா தரையில் மல்லாந்து, சேஸிஸில் ஸ்குரூ டிரைவரால் ஒரு குத்துக் குத்தினாள். ரொட்டிக்குள் போகிற மாதிரி உள்ளே போயிற்று. வேண்டவே வேண்டாம், இது இரும்பு இல்லை, துரு என்றாள். அவர் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நாலாம் நாள் அவள் சரி என்றாள். எந்த நேரத்தில் சரி என்றாளோ, அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று அவளுக்கு இருக்கவில்லை.

துருப்பிடித்த தரைத் தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்தாள். கியர் பெட்டியைப் பிரித்துப் பல் பல்லாகத் துடைத்தாள். பிரேக் குழாய்களைக் கையாலேயே வளைத்தாள். இன்ஜினில் இரண்டு கார்புரேட்டர்கள், இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். அரை முழ ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்துக்கொண்டு, இதில் ஒரு முறை, அதில் ஒரு முறை என்று உஸ்ஸென்ற சத்தத்தை ஒப்பிட்டு ஒப்பிட்டு ஒரு மாதம் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் சுவரேறிப் பார்த்து, வண்டிக்குக் காய்ச்சலா என்று கேட்டுவிட்டுப் போனார்.

பெயிண்டரைக் குறை சொல்ல முடியாது. தன் வேலையில் அவர் கெட்டிக்காரர். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துத் தேய்த்து, பதினோரு பூச்சு அடித்திருந்தார். அந்தச் சிவப்பில் முகம் பார்த்துத் தலை சீவலாம். ஆனால் பார்க்கிறவன் கண்ணுக்கு முதலில் தெரிவது பெயிண்ட்தானே. உள்ளே எந்த நட்டு எப்படி நிற்கிறது என்று எவன் குனிந்து பார்க்கப்போகிறான். போன மாதம் ஒரு பத்திரிகையில் வண்டியைப் பற்றி இரண்டு பக்கம் வந்தது. 'தனி மனிதரின் தவம்' என்று தலைப்பு. கடைசி வரியில், உணவும் ஊக்கமும் தந்தவர் மனைவி என்று போட்டிருந்தார்கள். ஃபிட்டரம்மா அதை இரண்டு தடவை படித்தாள். உணவு அநேக நாள் பெயிண்டரே வாங்கி வந்த பன்னும் முட்டையும். ஊக்கம் எப்போது கொடுத்தோம் என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

டிப்போவில் அவள் கையில் ஏறிய பழக்கம் ஒன்று உண்டு. எந்த நட்டையும் முதலில் விரலால் ஏற்றுவாள். பிறகு ஸ்பானரால் பாதி முறுக்கு. கடைசியில்தான் டார்க் ஸ்பானர். வேண்டிய அளவு இறுகியதும் 'டக்' என்று சொல்லிவிடும் நீளமான ஸ்பானர் அது. அந்த 'டக்' கேட்ட பிறகு சின்னத் தூரிகையை மஞ்சள் பெயிண்டில் தொட்டு, நட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை ஒரு கோடு. கோடு இருந்தால் முடிந்தது, இல்லையென்றால் முடியவில்லை. நாற்பது ஐம்பது பேர் ஏறிப் போகிற பஸ்ஸில் ஞாபகத்தை நம்பி வேலை செய்ய முடியுமா என்பாள்.

சில நட்டுகளை வேண்டுமென்றே முடிக்காமல் விட வேண்டியும் இருக்கும். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகளின் மூட்டில், அதிர்வை வாங்கிக்கொள்ள ரப்பர் புஷ் உண்டு. வண்டி ஸ்டாண்டில் தூக்கி நிற்கும்போது அந்தப் போல்ட்டுகளை இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழியும். வண்டி தரையில் தன் பாரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு. ஸ்டீயரிங் கையைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்கோ, அவை தானாகக் கழலாமல் பிடிக்கும் பூட்டு வாஷர் இன்னும் வந்து சேரவில்லை. அதனால் அவற்றை வெறும் விரலால் ஏற்றி விட்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை. மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ஃபிட்டரம்மா அடியில் படுத்து, விட்டுப்போனவற்றை வரிசையாக முறுக்கி, கோடு போட்டுக்கொண்டிருந்தாள். தங்கையின் புருஷன் போனில் அழைத்தார். தங்கையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், உடனே ஆபரேஷன் என்றார். எந்த நட்டில் நிறுத்தினாளோ அங்கேயே ஸ்பானரை வைத்துவிட்டு எழுந்தாள். கிளம்பும்போது பெயிண்டரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். வண்டியைத் தொட வேண்டாம், ஸ்டாண்டிலிருந்து இறக்க வேண்டாம், நான் வந்துதான் மற்றது. அவர் சரி சரி என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பழைய கார் ஊர்வலத்துக்குப் பெயர் கொடுத்திருந்ததை மட்டும் மூச்சு விடவில்லை. இந்த வருஷம் முடியாது என்று அவள் அடித்துச் சொல்லி இரண்டு மாதமாகியிருந்தது.

தங்கை பிழைத்துக்கொண்டாள். மூன்று நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் கழித்துவிட்டு, ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஃபிட்டரம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தாள். மழை விட்டிருந்தது. தெருவில் தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டி வந்தவள், வீட்டு வாசலில் ஆறேழு பேர் நிற்பதைக் கண்டதும் பதறிப்போனாள். கிட்டே வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. வண்டி முற்றத்தில், நாலு சக்கரத்தில், பளபளவென்று நின்றது. முன்மூடி திறந்திருந்தது. ஊர்வலத்தை நடத்தும் கிளப்பின் செயலாளர் கோட்டு சூட்டோடு சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். பெயிண்டர் புதுச் சட்டையில் இருந்தார். காலேஜில் படிக்கிற மகள், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து யாரோ எடுக்கிற போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பை தோளில் தொங்க, ஃபிட்டரம்மா இன்ஜினைப் பார்த்தாள். பிறகு குனிந்து சக்கரத்துக்குள் பார்த்தாள். எல்லா நட்டிலும் மஞ்சள் கோடு. ஒன்று விடாமல், அச்சடித்த மாதிரி ஒரே அளவில், ஒரே நேரில்.

"யார் முடுக்கினது?" என்று பெயிண்டரைக் கேட்டாள்.

"எதை?"

"இதெல்லாம். கோடு போட்டிருக்கே."

பெயிண்டருக்கு முகமெல்லாம் பல். "நான்தான் போட்டேன். எப்படி, லைன் நேரா வந்திருக்கா?"

"முடுக்கிட்டுப் போட்டீங்களா?"

"முடுக்கறதா? நீதான் எல்லாத்தையும் மாட்டிட்டியே. கோடுதான் பாதியில விட்டுட்டுப் போயிட்டே. செயலாளர் சார் வந்து பார்த்துட்டு, அந்தக் காலத்துல ஃபேக்டரியிலயே இப்படி மஞ்சள் கோடு போட்டுத்தான் அனுப்புவாங்க, எல்லா நட்டுலயும் இருந்தா நடுவர்ங்க மார்க் போடுவாங்கன்னு சொன்னாரு. சரி, உனக்கும் ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு ரெண்டு நாள் உக்காந்து முடிச்சேன்."

"நான் போட்டது எது, நீங்க போட்டது எது?"

"உன்னோடது எல்லாம் கோணல் மாணலா இருந்துச்சு. அதையும் சேர்த்துச் சரி பண்ணிட்டேன். இப்ப வித்தியாசமே தெரியாது."

வித்தியாசம் தெரியாதாம். மனுஷன் அதைப் பெருமையாகச் சொன்னார் பாருங்கள், அதுதான் கொடுமை. ஃபிட்டரம்மா பையைத் தரையில் போட்டாள். ஊருக்குப் போன உடுப்போடு ஈரத் தரையில் படுத்து, இடது முன் சக்கரத்துக்குள் கையை விட்டாள். ஸ்டீயரிங் கையின் போல்ட்டில் விரலை வைத்துத் திருப்பினாள். திரும்பியது. ஸ்பானர் வேண்டாம், இரண்டு விரல் போதும். அதன் தலையில் நேரான, அழகான மஞ்சள் கோடு ஒன்று நடுவில் உடைந்தது.

எழுந்தபோது அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. முதுகெல்லாம் சேறு. மகளைப் பார்த்து, "இறங்கு" என்றாள்.

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, ப்ளீஸ். எல்லாரும் பார்க்கறாங்க. அப்பா எத்தனை நாளா இதுக்காக இருந்தாரு. இன்னிக்கு ஒரு நாளாவது சண்டை போடாம இரேன்."

"இறங்குன்னு சொன்னேன்."

இறங்கினாள். இறங்கியவள் கண்ணாடியைக் கழற்றாமலேயே படி மீது போய் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து அவளும் அந்தக் கதையைத்தானே கேட்டு வளர்ந்திருக்கிறாள். அப்பா வண்டி செய்கிறார், அம்மா குறை சொல்கிறாள்.

பெயிண்டர் சபையைப் பார்த்துச் சிரித்தார். இவள் எப்போதும் இப்படித்தான், எதைத் தொட்டாலும் சந்தேகம், மூணு நாள் தூக்கமில்லை பாவம் என்று சமாளித்தார். நேற்றே கொட்டகையைச் சுற்றி ஓட்டிப் பார்த்தாயிற்று, ஒரு குறையும் இல்லை என்றார். ஃபிட்டரம்மா நடந்ததை நாலே வாக்கியத்தில் சொன்னாள். கோடு என்றால் என்ன, எத்தனை நட்டு முடிக்காமல் கிடந்தது, எதெது என்று இனி யாருக்கும், தனக்குமே தெரியாது, எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க ஒரு முழு நாள் ஆகும். கூட்டத்தில் ஒருவர் தலையை ஆட்டினார். மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவருக்கு அவர் கவலை. ஊர்வலத்தின் முதல் வண்டியாக இதைப் போட்டு நோட்டீஸ் அச்சடித்தாயிற்று. "மேடம், நீங்க பயப்படறது நியாயம்தான். ஆனா ரேஸுக்கா போறோம்? மூணு கிலோமீட்டர். மாட்டு வண்டி வேகம். மெதுவாப் போய்ட்டு மெதுவா வந்துடலாம்."

ஃபிட்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நடந்து போய் முற்றத்துக் கேட்டின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தாள். கொக்கியை மாட்டினாள். திரும்பி வந்து, மகள் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"மூணு கிலோமீட்டர்தானே சார். நீங்க உக்காருங்க."

செயலாளர் பேந்தப் பேந்த விழித்தார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட மனுஷன் வேறு என்ன செய்வார். தன் கார் தெருமுனையில் நிற்கிறது என்றார். தான் முன்னாலேயே போய் அங்கே ஏற்பாடுகளைப் பார்க்க வேண்டும் என்றார். முதுகுவலி வேறு என்றார். சொல்லச் சொல்ல ஒவ்வொரு அடியாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தார். போட்டோ எடுத்தவர் கேமராவை மூடிப் பைக்குள் வைத்தார்.

பெயிண்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. யாரும் வர வேண்டாம், நான் தனியாகவே போகிறேன் என்று முன்மூடியை அறைந்து மூடி, சட்டென்று ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. அவ்வளவு சுத்தமான சத்தம். இரண்டு கார்புரேட்டரும் ஒரே மூச்சாக இழுத்தன. எதிரே கேட் திறந்து கிடக்கிறது. ஃபிட்டரம்மா ஒதுங்கி நின்றாள். தடுக்கவில்லை. தடுப்பாள் என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

"போறதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க," என்றாள். குரல் உயரவில்லை. "இந்த வண்டியில உங்க கையால முடுக்கின நட்டு ஒண்ணு காட்டுங்க. ஒண்ணு போதும். ஆறு வருஷம் ஒரே கொட்டகையில இருந்தோம். நான் படுத்துக்கிட்டுக் கோடு போடறதைத் தினம் பார்த்தீங்க. இது எதுக்குன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டிருக்கீங்களா?"

பெயிண்டர் ஸ்டீயரிங்கை இடது பக்கம் கொஞ்சம் திருப்பினார். எங்கோ கீழே 'கிணுக்' என்றது. வலது பக்கம் திருப்பினார். மறுபடி 'கிணுக்'. நேற்றும் அந்தச் சத்தம் வந்திருக்கும், கேட்கத் தெரிந்தால்தானே. இப்போது கேட்டது. அவர் பக்கத்துக் காலி சீட்டைப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார்.

"வண்டி வராது சார்," என்றார் செயலாளரிடம். ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். "எது டைட், எது லூஸுன்னு எனக்குத் தெரியாது. வண்டியை மாட்டினது அவ."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

செயலாளருக்கு அச்சடித்த காகிதம் கையில் கனத்தது. "அப்ப நீங்க என்னதான் செஞ்சீங்க?"

"பெயிண்ட் அடிச்சேன் சார்."

வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். செயலாளர் மட்டும் போகும்போது ஃபிட்டரம்மாவிடம் வந்து, தெரியாமல் போய்விட்டது மேடம் என்று குழைந்தார். அவள் கேட்டைச் சாத்தினாள். மகள் எப்போது எழுந்து உள்ளே போனாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டை அடியில் தள்ளி நிறுத்தி, முன் சக்கரங்களைக் கழற்றினாள். ஒரு டப்பாவில் பெயிண்டைக் கரைக்கும் தின்னரை ஊற்றி, துணியோடு பெயிண்டரின் முன்னால் வைத்தாள். ஒவ்வொரு நட்டாகத் துடையுங்கள், ஒரு புள்ளி மஞ்சள் மிச்சம் இருக்கக் கூடாது என்றாள். அவர் புதுச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, பனியனோடு அடியில் வந்து படுத்தார். திரைக்கு இந்தப் பக்கத் தரை எவ்வளவு சில்லென்று இருக்கும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். அவர் துடைக்கத் துடைக்க, இவள் டார்க் ஸ்பானரோடு பின்னாலேயே வந்தாள். தரையில் இறக்கி முடிக்க வேண்டிய புஷ் போல்ட்டுகளையும், வாஷர் வராத ஸ்டீயரிங் போல்ட்டுகளையும் மட்டும் கோடு இல்லாமல் விட்டு வைத்தாள்.

மத்தியானம் மகள் வெறும் டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். உடுப்பை மாற்றியிருந்தாள். கொஞ்ச நேரம் குனிந்து நின்றாள், கேட்க என்னவோ இருந்தது, கேட்காமலே போனாள். அது வரைக்கும் பார்த்ததில் பத்தொன்பது நட்டு இறுகாமல் நின்றது. அதில் இரண்டு மகள் உட்கார்ந்திருந்த சீட்டைத் தரையோடு பிடித்திருப்பவை. ஃபிட்டரம்மா பெயிண்டரின் கையைப் பிடித்து இழுத்து அந்த இரண்டிலும் வைத்துத் திருப்ப வைத்தாள். அவர் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

ரொம்ப நேரம் கழித்து, அடியில் கிடந்தபடியே, "அதான் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேனே," என்றார். கெஞ்சுகிற குரல். சமாதானமாகிவிட்டது, இனியாவது முகத்தைச் சரியாக வை என்கிற குரல்.

ஃபிட்டரம்மாவுக்கு அப்போதுதான் முழுசாகப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து வந்ததெல்லாம் கோபமே இல்லை என்று தோன்றியது. ஸ்பானரைக் கீழே வைத்தாள்.

"சொன்னீங்க. கேட்டேன். ஆறு வருஷமா நான் காத்துக்கிட்டிருந்த வார்த்தை அது. பத்திரிகைக்காரன் வந்தப்ப சொல்லியிருக்கலாம். தெருவுல கேக்கறவங்ககிட்டச் சொல்லியிருக்கலாம். நம்ம பொண்ணுகிட்டயாவது சொல்லியிருக்கலாம், அவ என்னைப் பார்த்திருக்கற பார்வையே வேற மாதிரி இருந்திருக்கும். அப்பல்லாம் நான் உங்க ஞாபகத்துக்கு வரலை. உசுருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சப்பதான் வந்தேன். பாசத்துல சொல்லியிருந்தா வாங்கி வச்சுக்கிட்டிருப்பேன். பயத்துல சொன்னதை என்ன பண்றது, நீங்களே வச்சுக்குங்க."

பெயிண்டர் தின்னர் துணியைப் பிழிந்து அடுத்த நட்டைத் துடைக்க ஆரம்பித்தார். கண் கலங்கியதற்குத் தின்னர் காரணமா, வேறு காரணமா என்று அவள் கேட்கவில்லை. ஆறு வருஷம் அவர் கேட்காமல் இருந்தார், இவள் ஒரு நாள் கேட்காமல் இருந்தால் குறைந்தா போய்விடும்.

அவளுக்குக் கோபம் குறையவில்லை. குறைய வேண்டும் என்றும் தோன்றவில்லை. இன்னும் எத்தனை நாள் இருக்குமோ இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அவர் துடைத்து விலகிய நட்டில் ஸ்பானரை மாட்டி, தோளை ஊன்றி ஒரு முறை முறுக்கிப் பார்த்தாள். அது நகரவில்லை, உடனே 'டக்' என்றது. ஏற்கெனவே அவள் இறுக்கியதுதான்.